சீனியில்லாமல் பிறந்த கிரனோலா

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வீட்டில் சீனி வருத்தக்காரர் யாராவது இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

எங்கள் வாப்பாவுக்குப் பத்து வருடத்துக்கு மேலாகச் சீனி வருத்தம். மாதம் தவறாமல் கிளினிக் போவார். குளிசையை நேரத்துக்குப் போடுவார். பிளேன்டீக்குச் சீனி போடுவதை விட்டு எத்தனையோ காலம். கலியாண வீட்டில் வட்டலப்பம் வந்தால் கோப்பையைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவார். சென்ற வருடம் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த தம்பி, வாப்பாவுக்கென்றே ஒரு பெரிய பக்கட் கிரனோலா கொண்டுவந்தார். முன்பக்கத்தில் ஓட்ஸ் கதிர், தேன் துளி, சூரியன். "முழுத்தானியம்", "இயற்கையானது" என்று பெரிய எழுத்து. நாங்களும் நல்ல சாமான் என்றுதான் நினைத்தோம். வாப்பா காலையில் ஒரு கோப்பை, இரவுச் சோற்றுக்குப் பதிலாக ஒரு கோப்பை என்று பாலூற்றிச் சாப்பிட்டார். பக்கட் முடிய அடுத்த பக்கட். ஆறு கிழமை இப்படிப் போனது.

அடுத்த கிளினிக்கில் சீனி நன்றாகக் கூடியிருந்தது. டொக்டர் ஏசினார். வாப்பா வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. செய்யாத பிழைக்கு ஏச்சு வாங்கிய பிள்ளையின் முகம் அவருக்கு. அன்று இரவுதான் நாங்கள் பக்கட்டைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசித்தோம். 100 கிராமில் சீனி 26 கிராம். ஒரு நேரத்துக்கு 45 கிராம்தான் அளவு என்றும் சிறிய எழுத்தில் இருந்தது. வாப்பாவின் கோப்பையை நிரப்பிச் சமையலறைத் தராசில் வைத்தால் 110 கிராம். இரண்டு கோப்பைக்கு 220 கிராம், அதில் சீனி 57 கிராம். ஒரு மட்டத் தேக்கரண்டி சீனி 4 கிராம் என்று எடுத்தால் ஒரு நாளைக்குப் பதினான்கு கரண்டி.

வாப்பாவிடம் சொன்னோம். நம்பவில்லை. "இதுல எங்க புள்ள சீனி? ஓட்ஸ்தானே!" என்றார்.

அந்தக் கேள்விதான் எங்களைத் தேட வைத்தது. கூடியதற்குக் கிரனோலா மட்டும்தான் காரணம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. அந்த ஆறு கிழமையும் வீட்டில் விருந்தாளிகள், சோறும் கறியும் கூடத்தான். ஆனால் சீனி வருத்தக்காரருக்கு மருந்து மாதிரி ஒருவர் வாங்கிக் கொடுக்கும் சாப்பாட்டில் காற்பங்கு சீனி எப்படி வந்தது? தேடிப் பார்த்தால், இந்தச் சாப்பாடு பிறந்ததே ஒரு வைத்திய இல்லத்தில். பிறக்கும்போது அதில் சீனி கிடையாது.

கதை ஐக்கிய அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்தில் டான்ஸ்வில் என்ற சிறிய ஊரில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அந்தக் காலத்து அமெரிக்கர்களின் காலைச் சாப்பாடு உப்பிட்ட பன்றியிறைச்சி, கொழுப்பில் பொரித்தவை, வெள்ளை மாப் பண்டங்கள். வயிற்று உபாதை ஊரெல்லாம் இருந்தது. மலச்சிக்கலும் நெஞ்செரிவும் நாட்டின் பொது வருத்தம் என்று எழுதுமளவுக்கு. இதற்கெதிராகக் கிளம்பியவர்களில் ஒருவர் சில்வெஸ்டர் கிரஹாம் என்ற கிறிஸ்தவ போதகர். தவிடு நீக்காத கோதுமை மாவில் வீட்டிலேயே பாண் சுட வேண்டும், பேக்கரி வெள்ளைப் பாண் கேடு என்று ஊரூராகப் பேசினார். 1837இல் பாண் செய்வதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். தவிட்டோடு சேர்ந்த அந்த மாவுக்கு இன்றைக்கும் அமெரிக்காவில் கிரஹாம் மா என்றுதான் பெயர். பேக்கரிக்காரர்களுக்கு மனிதரைக் கண்ணில் காட்டக்கூடாது.

அவருடைய கருத்துகளைப் பின்பற்றியவர்தான் ஜேம்ஸ் கேலெப் ஜெக்சன். விவசாயியாக இருந்தவர். அடிமை முறைக்கெதிராக மேடைமேடையாகப் பேசியவர். உடம்பு கெட்டு, நீர்ச் சிகிச்சையால் எழும்பி, பிறகு தானே வைத்தியரானவர். 1858இல் டான்ஸ்வில்லில் இருந்த நீர்ச் சிகிச்சை இல்லத்தைப் பொறுப்பெடுத்து, "மலைச்சரிவில் எமது இல்லம்" என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார். குளிர்ந்த நீர்க் குளியல், நல்ல காற்று, நடை, தானியமும் காய்கறியும். இறைச்சி, கோப்பி, தேயிலை, மது, புகையிலை ஒன்றும் உள்ளே வராது.

1863இல் ஜெக்சன் தன் நோயாளிகளுக்காக ஒன்றைச் செய்தார். கிரஹாம் மாவைத் தண்ணீரில் குழைத்து, தட்டையாகப் பரப்பிக் கல்லாகும்வரை போறணையில் சுடுவது. பிறகு அதை உடைத்துத் திரும்பவும் சுடுவது. பிறகு இன்னும் சிறு துண்டுகளாக நொறுக்குவது. எங்கள் ஊர் பேக்கரிகளில் பாணைத் துண்டு போட்டுத் திரும்பச் சுட்டு ரஸ்க் எடுப்பார்களே, ஏறத்தாழ அதே வேலை. அதற்குக் "கிரனியுலா" என்று பெயர் வைத்தார். மணி மணியாக இருப்பது என்று பொருள். இதை அப்படியே வாயில் போட்டால் பல் போய்விடும். முதல் நாள் இரவே பாலிலோ தண்ணீரிலோ ஊறப் போட்டுக் காலையில் சாப்பிட வேண்டும். சீனி கிடையாது, தேன் கிடையாது, எண்ணெய் கிடையாது, கொட்டைகளும் கிடையாது. மாவும் தண்ணீரும்தான். ருசி எப்படி இருந்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறோம்.

1864இல் எலன் வைட் என்ற பெண்மணி அந்த இல்லத்துக்கு வந்து போனார். ஏழாம் நாள் அட்வெந்திஸ்து சபையைத் தொடங்கியவர்களில் ஒருவர். பன்றியிறைச்சி, மது, புகையிலை மூன்றையும் விலக்கிய சபை அது. அதனாலோ என்னவோ, அவர்களுடைய சமையலறைக் கதையை வாசிக்கும்போது எங்களுக்கு அந்நியமாகத் தெரியவில்லை. டான்ஸ்வில்லில் பார்த்ததை மனதில் வைத்து, அந்தச் சபை 1866இல் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் ஊரில் தனக்கென ஒரு சுகாதார நிலையத்தைத் திறந்தது. பத்து வருடம் கழித்து, 1876இல், அதன் பொறுப்பை ஏற்ற வைத்தியருக்கு வயது 24. பெயர் ஜோன் ஹார்வி கெலொக். ஆம், கோன்ஃப்ளேக்ஸ் பெட்டியில் இருக்கும் அதே கெலொக் குடும்பம்தான்.

இந்த மனிதரைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம். அவர் கையில் அந்தச் சிறிய நிலையம் பேட்டில் கிரீக் சானிட்டோரியம் என்று உலகப் பெயர் எடுத்தது. ஹென்றி ஃபோர்ட், தோமஸ் எடிசன் போன்றவர்களெல்லாம் வந்து தங்கினார்கள். இறைச்சியில்லாத சாப்பாடு, உடற்பயிற்சி, குடலைச் சுத்தமாக வைத்திருப்பது என்பவற்றில் அவர் காலத்துக்கு முந்தியவர். அதே மனிதர் இனக்கலப்பு கூடாது, "இன மேம்பாடு" வேண்டும் என்று பிரசாரம் செய்து அதற்கென ஒரு நிறுவனத்தையும் நடத்தினார். நல்ல சாப்பாட்டைச் சொன்னவர் என்பதற்காக அதை மறைத்து எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.

கெலொக் தன் நோயாளிகளுக்குக் கோதுமை, ஓட்ஸ், சோளம் மூன்றின் மாவையும் கலந்து விசுக்கோத்து மாதிரிச் சுட்டு அரைத்துக் கொடுத்தார். அதற்கு அவரும் "கிரனியுலா" என்றே பெயர் வைத்தார். ஜெக்சன் சும்மா இருப்பாரா? சட்டப் பிரச்சினை வந்தது. 1880களின் தொடக்கத்தில் கெலொக் பெயரைச் சற்று மாற்றினார். கிரனியுலா "கிரனோலா" ஆனது. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் இந்தச் சொல் ஒரு வழக்குக்குப் பயந்து உச்சரிப்பை மாற்றியதில் பிறந்தது.

இதுவரைக்கும் சீனி வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

1891இல் சார்ள்ஸ் வில்லியம் போஸ்ட் என்ற வியாபாரி நோயாளியாகப் பேட்டில் கிரீக்குக்கு வந்தார். வைத்தியம் பலித்ததோ இல்லையோ, சமையலறையை நன்றாகப் பார்த்துக்கொண்டார். வெளியே போய்ச் சொந்தமாகத் தொழில் தொடங்கி, 1897இல் "கிரேப் நட்ஸ்" என்ற காலை உணவைச் சந்தைக்கு விட்டார். பெயரில் திராட்சையும் கொட்டையும் இருக்கின்றன. உள்ளே இரண்டும் இல்லை, கோதுமையும் பார்லியும்தான். கிரனோலாவின் நெருங்கிய சொந்தக்காரன். அதைவிட முக்கியம், போஸ்ட் விளம்பரத்துக்குக் கொட்டிய பணம். வைத்திய இல்லத்துச் சாப்பாட்டை நோயில்லாதவருக்கும் விற்கலாம் என்று காட்டியவர் அவர்தான்.

கெலொக்கின் தம்பி வில் கீத் கெலொக் சானிட்டோரியத்தில் கணக்கு வழக்குப் பார்த்துக்கொண்டு அண்ணனின் நிழலில் இருந்தவர். சகோதரர்கள் இருவரும் 1890களில் தானியத்தை ஊறவைத்து உருளையில் அழுத்தித் தகடாக்கிச் சுடும் முறையைக் கண்டுபிடித்தார்கள். போஸ்ட் பணக்காரராவதைப் பார்த்துத் தம்பிக்குப் பொறுக்கவில்லை. சோளத் தகட்டில் சீனி சேர்த்தால் விற்கும் என்றார். அண்ணன் முடியாது என்றார். 1906இல் தம்பி தனிக் கம்பனி தொடங்கினார், சீனி உள்ளே போனது. அதன் பிறகு அண்ணன் தம்பி நீதிமன்றத்தில் சந்தித்துக்கொண்டார்கள். கோன்ஃப்ளேக்ஸ் ஓடிய ஓட்டத்தில் கிரனோலாவை எல்லோரும் மறந்துபோனார்கள்.

இதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் மக்சிமிலியன் பிர்ச்சர் பென்னர் என்ற வைத்தியர் மியூஸ்லியைச் செய்தார். அதில் முக்கியம் துருவிய அப்பிள். ஊறவைத்த ஓட்ஸ் ஒரு மேசைக்கரண்டிதான். கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, கொட்டை, அதோடு டின்பால். கிரனோலாவைச் சுடுவார்கள், மியூஸ்லியைச் சுடுவதில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து கொஞ்சக் காலத்தில் அமெரிக்காவில் சீனி பூசிய காலை உணவுகள் வரிசையாக வந்தன. 1949இல் "சுகர் கிறிஸ்ப்", 1952இல் "சுகர் ஃப்ரோஸ்டட் ஃப்ளேக்ஸ்", 1953இல் "சுகர் ஸ்மேக்ஸ்". கடைசியாகச் சொன்னதில் பாதிக்கும் மேல் சீனி. ஒரு விடயத்தில் அந்தக் காலத்துக் கம்பனிகளைப் பாராட்டத்தான் வேண்டும். சீனி போட்டால் சீனி என்று பெயரிலேயே சொன்னார்கள். பிறகு சீனி கெட்ட பெயர் எடுத்ததும் 1980களில் அந்தச் சொல்லைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். "சுகர் ஸ்மேக்ஸ்" என்பது "ஹனி ஸ்மேக்ஸ்" ஆனது. சீனிக்குப் பதில் தேன் என்று எழுதினால் தாய்மார் கை நீட்டி எடுப்பார்கள் என்று கம்பனிக்குத் தெரிந்திருந்தது.

அதைக் கம்பனிகளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று பார்த்தால், கம்பனிகளையே வெறுத்த ஒரு கூட்டம்! 1960களின் அமெரிக்க இளைஞர்கள். வியட்நாம் போரை எதிர்த்தவர்கள், நீளமுடிக்காரர்கள், கூட்டாக வாழ்ந்தவர்கள். தொழிற்சாலைச் சாப்பாடு வேண்டாம், கையால் செய்ததைச் சாப்பிடுவோம் என்றவர்கள். அவர்களிடம்தான் கிரனோலா மறுபிறப்பு எடுத்தது. லேட்டன் ஜென்ட்ரி என்பவர் ஓட்ஸ் வைத்துத் தானே கண்டுபிடித்தது என்று சொல்லி ஒரு கிரனோலாச் செய்முறையை 1964இல் ஒரு கம்பனிக்கு 3,000 டொலருக்கு விற்றார். மூன்று வருடம் கழித்து மேற்குப் பகுதிக்கான உரிமையை மட்டும் 1,500 டொலருக்குத் திரும்ப வாங்கி, இன்னொரு கம்பனிக்கு 18,000 டொலருக்குக் கைமாற்றினார். டைம் சஞ்சிகை அவரைப் பற்றியும் எழுதியது. 1969 ஓகஸ்டில் வுட்ஸ்டொக் இசை விழாவில் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம் வந்து சாப்பாடு தட்டுப்பட்டபோது, ஹொக் ஃபார்ம் என்ற கூட்டுவாழ்வுக் குழுவினர் ஓட்ஸ் கலவையைக் கடதாசிக் கோப்பைகளில் அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். அதிலிருந்து கிரனோலாவும் அந்தத் தலைமுறையும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டன.

ஆனால் இவர்களுடைய கிரனோலா ஜெக்சனுடையது அல்ல. மாத்துண்டுக்குப் பதிலாக அழுத்திய ஓட்ஸ். கொட்டைகள், எள்ளு, தேங்காய்ப்பூ, உலர்ந்த பழங்கள். இது நல்ல மாற்றம்தான். ஒட்டிப் பிடிக்கவும் மொறுமொறுப்புக்கும் எண்ணெயும் தேனும், சிலர் பழுப்புச் சீனியும். வெள்ளைச் சீனி நஞ்சு, தேன் இயற்கை என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஆகவே தேனை அளவில்லாமல் ஊற்றினார்கள். சீனி முதன்முதலாகக் கிரனோலாவுக்குள் வந்தது கம்பனிக்காரரின் வஞ்சகத்தால் என்று நாங்கள் எதிர்பார்த்துத்தான் தேடினோம். நல்ல மனம் படைத்தவர்களின் வீட்டு அடுப்பிலும் அது வந்திருக்கிறது என்பதைப் பார்த்தபோது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

1970 ஜூலையில் ரொபர்ட் சோட் என்பவர் அமெரிக்க செனட் குழுவின் முன்னால் போய், சந்தையிலுள்ள 60 காலைத் தானிய உணவுகளில் 40இல் சத்து மிகக் குறைவு என்று சாட்சி சொன்னார். நாடு அதிர்ந்தது. பெட்டிச் சாப்பாட்டில் நம்பிக்கை இழந்த தாய்மார் "இயற்கை" என்று எழுதியதைத் தேடினார்கள். 1972இல் ஹார்ட்லண்ட் என்ற பெயரில் முதலாவது பெரிய கம்பனிக் கிரனோலா வந்தது. பின்னாலேயே மற்றப் பெரிய கம்பனிகளும் ஓடிவந்தன. நீளமுடிக்காரர்களின் செய்முறையை, அதன் தேனோடும் எண்ணெயோடும் சேர்த்து, அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1975இல் கிரனோலாக் கட்டியும் கடைக்கு வந்தது. அதாவது நூறு வருடத்துக்குச் சற்றுக் கூடிய காலத்தில் வைத்திய இல்லத்துச் சாப்பாடு மிட்டாய்க் கடை வரிசைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் வைத்திய இல்லத்தின் நற்பெயரை மட்டும் விடவில்லை. 2016இல் நியூயோர்க் டைம்ஸ் வெளியிட்ட ஒரு கருத்துக்கணிப்பில், கிரனோலாக் கட்டி ஆரோக்கியமானது என்று பொதுமக்களில் 71 சதவீதமானோர் சொன்னார்கள். போசாக்கு நிபுணர்களில் அப்படிச் சொன்னவர்கள் 28 சதவீதம்தான். எங்கள் வாப்பா மட்டும் ஏமாறவில்லை.

தேனைப் பற்றி ஒரு வார்த்தை. கருத்து வேறுபாடு வரும் என்று தெரிந்தே எழுதுகிறோம். தேனின் சிறப்பை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில், குறைக்க வேண்டிய சீனிகளின் பட்டியலில் தேனும் பாணிகளும் பழச்சாறும் இருக்கின்றன. நாளாந்தச் சக்தியில் அவை 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்கிறது அது. வளர்ந்த ஒருவருக்கு 10 சதவீதம் என்பது ஏறத்தாழ 50 கிராம். வாப்பாவின் இரண்டு கோப்பையிலேயே 57 கிராம் என்று மேலே பார்த்தோம். அதில் உலர்ந்த பழத்தின் இனிப்பும் அடங்கும் என்றாலும் பெரும் பகுதி சேர்த்த சீனிதான். கித்துல் பாணியும் இரத்தத்துக்குள் போனால் சீனிதான். விலை கூடிய சீனி.

பக்கட் வாங்குகிறவர்களுக்கு. எங்கள் நாட்டில் 2016இல் மென்பானங்களுக்கும் பிறகு மற்ற உணவுகளுக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்கள் வந்தன. அதைப் பாருங்கள். ஆனால் உறவினர்களின் பெட்டிக்குள் வரும் பக்கட்டுகளில் அந்த வட்டம் இருக்காது. அதற்குப் பின்பக்கத்தை வாசிப்பது ஒன்றே வழி. சேர்மானங்கள் நிறை கூடியதிலிருந்து குறைந்ததற்கு எழுதப்பட்டிருக்கும். சீனி ஒரே பெயரில் இருந்தால் இரண்டாவதாக வந்துவிடும் என்பதால் சீனி, தேன், குளுக்கோஸ் பாகு, பழுப்புச் சீனி என்று நாலாகப் பிரித்து நாலு இடத்தில் வைத்திருப்பார்கள். நாலையும் கூட்டிப் பாருங்கள். தரம் 8 பிள்ளைகளுக்குச் சதவீதம் படிப்பிக்கும்போது வீட்டிலிருந்து வெற்றுப் பக்கட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி இதைச் செய்வித்தோம். புத்தகத்துக் கணக்கில் தூங்கும் பிள்ளைகள்கூட, தங்கள் விசுக்கோத்துப் பக்கட்டைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

சரி, கடையில் வாங்காமல் வீட்டில் செய்தால் போதும்தானே என்று நினைப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்து, இணையத்தில் "ஆரோக்கியமான வீட்டுக் கிரனோலா" என்றிருந்த ஒரு செய்முறையைப் பார்த்து முதல் தடவை செய்தோம். நான்கு கோப்பை ஓட்ஸ், அரைக் கோப்பை தேன், ஒரு கோப்பை கச்சான், தேங்காய்ப்பூ, எண்ணெய், 100 கிராம் பிளம்ஸ். வீடே மணத்தது. பிள்ளைகள் தட்டிலேயே பாதியை முடித்தார்கள். பிறகுதான் கணக்குப் பார்த்தோம். அரைக் கோப்பை தேன் 170 கிராம், அதில் சீனி 140 கிராம். பிளம்ஸில் 60 கிராம். மொத்தக் கலவை 830 கிராம். நூற்றுக்கு 24. கடைப் பக்கட்டில் 26! இரண்டு புள்ளி குறைக்க அவ்வளவு பாடு. நாங்கள் வீட்டில் செய்தது 1969ஆம் ஆண்டுக் கிரனோலா. வாப்பாவுக்குத் தேவைப்பட்டது 1863க்குக் கிட்டிய ஒன்று.

ஆனால் 1863ஐ யாரும் சாப்பிடமாட்டார்கள். ஆகவே நடுவில் ஒன்றைத் தேடினோம். நான்கைந்து தடவை பிழைத்து வந்து சேர்ந்த அளவு இது.

அழுத்திய ஓட்ஸ் 300 கிராம், உடனடி ஓட்ஸ் வேண்டாம், அது தூளாகிவிடும். தோல் நீக்கிய பச்சைக் கச்சான் 80 கிராம், ஒன்றிரண்டாக இடித்தது. பூசணி விதை 40, எள்ளு 30, காய்ந்த தேங்காய்ப்பூ 50. கறுவாத்தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. தேனோ கித்துல் பாணியோ ஒரு மேசைக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். இரகசியம் முட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கிறது. ஒரு முட்டையின் வெள்ளையை நுரை வரும்வரை அடித்துக் கலந்தால், சீனிப்பாகு செய்யும் வேலையை அது செய்யும். கட்டியாகப் பிடிக்கும், மொறுமொறுப்பாக இருக்கும். சீனி இல்லாமல் கிரனோலா ஒட்டாது என்று சொல்கிறவர்களுக்கு இதைச் செய்து காட்டுங்கள். கறுவா இனிப்பல்ல, ஆனால் இனிப்பு இருப்பதுபோல் நாக்கை நம்ப வைக்கும்.

தேங்காய்ப்பூவைத் தவிர எல்லாவற்றையும் கலந்து தட்டில் மெல்லியதாகப் பரப்பி, 150 பாகை அவனில் 35 முதல் 40 நிமிடம். நடுவில் ஒரு தடவை பிரட்டிவிடுங்கள். தேங்காய்ப்பூ கெதியாகக் கருகும், அதனால் கடைசிப் பத்து நிமிடத்தில் தூவினால் போதும். வெளியே எடுத்ததும் மென்மையாகத்தான் இருக்கும். பிழைத்துவிட்டது என்று திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். கை வைக்காமல் ஆறவிட்டால் இறுகும். பொறுமையில்லாமல் நாங்கள் கருக்கிய தட்டு இரண்டு.

அவன் இல்லாத வீட்டில் தாச்சி போதும். மெல்லிய நெருப்பில் ஓட்ஸைப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிளறி வறுத்து எடுங்கள், கச்சானையும் விதைகளையும் தனித்தனியாக வறுங்கள், கடைசியில் எண்ணெயையும் தேனையும் சூடாக்கிப் பிரட்டுங்கள். இதற்கு முட்டை வேண்டாம். கட்டி பிடிக்காது, உதிரியாக இருக்கும். ருசியில் குறைவில்லை.

மொத்தம் ஏறத்தாழ 530 கிராம் வரும். சேர்த்த சீனி 17 கிராம். ஒரு நேரத்துக்கு 40 கிராம் எடுத்தால் சேர்த்த சீனி அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. ஆனால் கொட்டையும் எண்ணெயும் இருப்பதால் இதிலும் கலோரி குறைவல்ல. ஆகவே கோப்பையை நிரப்ப வேண்டாம். ஒரு கையளவு போட்டு மிச்சத்தைச் சீனி போடாத தயிரும் கொய்யாவும் பப்பாசியும் நிரப்பட்டும். ஓட்ஸை முழுக்க வாங்க வசதியில்லாதவர்கள் பாதிக்குச் சிவப்பு அவல் சேர்க்கலாம், நன்றாக மொறுமொறுக்கும். சீனி வருத்தக்காரருக்கு ஓட்ஸ் மட்டுமே இருப்பது நல்லது. பிள்ளைகளுக்கு ஈத்தம்பழத்தை வெட்டிச் சுட்ட பிறகு கலக்கிறோம், வாப்பாவின் போத்தலில் அது இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு முழுக் கச்சான் தொண்டையில் அடைக்கும், நன்றாக இடித்துப் போடுங்கள். எங்கள் ஊர்க் கடற்காற்றுக்கு இறுக்கமான போத்தலில்லாமல் இரண்டு நாள் தாங்காது. இளகிவிட்டால் திரும்பப் பத்து நிமிடம் சூடாக்குங்கள்.

சஹருக்கும் காலைக்கும் கஞ்சியும் அவித்த பயறும் கடலையும் இருக்கும்போது இந்த வெள்ளைக்காரச் சாப்பாடு எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். நியாயமான கேள்வி. அவித்த கடலை கிடைக்கும் வீட்டுக்குக் கிரனோலா தேவையே இல்லை. எங்கள் வீட்டுக்குள் அது ஏற்கனவே வந்துவிட்டது, வாப்பாவுக்குப் பிடித்தும்விட்டது. அதனால் அதைத் திருத்திக்கொண்டோம், அவ்வளவுதான்.

இரண்டு கிளினிக் கழிந்துவிட்டது. சீனி இறங்கியிருக்கிறது. டொக்டர் இடையில் குளிசையையும் மாற்றினார், ஆகவே முழுப் பெருமையையும் எங்கள் போத்தலுக்குக் கொடுக்க முடியாது. வாப்பா இப்போது தன் பங்கைத் தானே தராசில் வைத்து எடுக்கிறார், 40க்கு மேல் முள் போனால் ஒரு கச்சானைத் திரும்பப் போத்தலுக்குள் போடுகிறார். கடைவாய்ப் பல் இரண்டு போனதால் கடிக்கக் கஷ்டம் என்று முதல் நாள் இரவே பாலில் ஊறப் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுகிறார். அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு, நூற்றறுபது வருடத்துக்கு முன்னால் டான்ஸ்வில் நோயாளிகளும் இப்படித்தான் இரவே ஊறப் போட்டார்கள் என்று ஜெக்சனின் கதையைச் சொன்னோம். முழுக்கக் கேட்டுவிட்டு வாப்பா கேட்டார்: "அப்ப அவங்களுக்கும் பல்லு இல்லையா?"